ஒயில் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு: பழைய பைக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் பைக்கைத் தள்ளி எடுத்தால் தரையில் குற்றியளவு கறுப்புப் பொட்டு. அதற்கு நேர் மேலே, எஞ்சினின் அடியில் ஒயிலை வடித்துவிடும் டிரெயின் நட். "அப்ப இதுதான்" என்று ஸ்பானரை எடுத்து இன்னொரு சுற்று இறுக்கிவிடுகிறார்கள். பழைய ஸ்பிளெண்டர், எம்டி 90, சிடி 125 எதுவானாலும் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. எஞ்சினில் எங்கே கசிந்தாலும் ஒயில் கீழே வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் ஆகத் தாழ்ந்த இடத்தில் வந்து தொங்கும். அந்த இடம் பெரும்பாலும் டிரெயின் நட்டாகவே இருக்கும். தேட வேண்டியது ஈரம் இருக்கிற ஆக உயரமான, ஆக முன்னால் உள்ள புள்ளியை. இறுக்கிய டிரெயின் நட்டோ அலுமினியப் புரியைத் தின்றுவிடும். இல்லாத லீக் ஒன்று புதிதாக வந்து சேரும்.

கழுவாமல் தேடுவது அடுத்த தவறு. ஐந்து வருட அழுக்குக்குள் எது புது ஒயில், எது பழையது என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கொண்டு சிலிண்டர் செட்டைகளின் இடுக்கு, முன் ஸ்ப்ரொக்கெட் கவரின் உட்புறம் எல்லாம் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்துப் பிரஷர் தண்ணீர் அடிப்பது சுலபம்தான்; ஆனால் பிளக் குழிக்குள்ளும் வயர் கனெக்டருக்குள்ளும் தண்ணீர் ஏறினால் பிறகு ஸ்டார்ட் ஆகாத பிரச்சினையைத் தேட வேண்டி வரும். காய்ந்ததும் குழந்தைப் பவுடரை எஞ்சின் முழுக்க மெல்லியதாகத் தூவுங்கள். கொழும்பு காலி வீதி போன்ற நெரிசலில் 20 நிமிடம் ஓடிவிட்டு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், கசிவு தொடங்கும் இடத்தில் பவுடர் மண்ணிறமாகி, அங்கிருந்து கீழே ஒரு கோடு இறங்கியிருக்கும். எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டும் பார்ப்பதில் பயனில்லை. சூடேறி ஒயில் இளகினால்தான் பல கசிவுகள் வெளியே வரும். இரவு முழுக்கப் பைக்கின் கீழே ஒரு கார்ட்போர்ட் விரித்தும் பாருங்கள். நிற்கும்போதே சொட்டினால் துளை ஒயில் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஓடும்போது மட்டும் என்றால் மேற்பாகத்தையோ உள்ளழுத்தத்தையோ சந்தேகப்படலாம்.

கறுப்பாக இருப்பதெல்லாம் எஞ்சினிலிருந்து வந்ததுமல்ல. இங்கே பலர் செயினுக்குப் பாவித்த எஞ்சின் ஒயிலையே ஊற்றுகிறார்கள். அது ஸ்ப்ரொக்கெட் கவருக்குள் தெறித்து, மண்ணோடு சேர்ந்து களியாகி, கீழே சொட்டும்; நிறத்திலும் மணத்திலும் அசல் லீக்தான். ஒரு வாரம் செயினுக்கு ஒன்றும் ஊற்றாமல், கவரைத் துடைத்துவிட்டு ஓடிப் பாருங்கள். சீல் (சாஃப்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் றபர் வளையம்) மாற்றும் செலவு மிச்சமாகலாம்.

எவருமே பார்க்காத ஒன்று ஒயில் அளவு. இந்தச் சிறிய ஹொண்டாக்களில் ஒயில் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக் வலப்பக்கம். சைட் ஸ்டாண்டில் பைக் இடப்பக்கம் சாய்வதால் ஒயிலும் அங்கே போய்விடும், டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டும். "குறைஞ்சிட்டுது" என்று மேலும் ஊற்றுகிறோம். அளவுக்கு மிஞ்சிய ஒயில், எஞ்சினின் உள்ளழுத்தத்தை வெளியே விடும் பிறீதர் குழாயால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போகும், சீல்களையும் தள்ளும். மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே வைத்து எடுங்கள். திருகினால் இன்னும் உள்ளே இறங்கி, இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும்.

அளவு சரி, ஆனால் புது சீல் போட்டு ஒரு மாதத்தில் மறுபடியும் ஈரமா? எஞ்சின் சூடாக இருக்கும்போது பிறீதர் குழாயைக் கழற்றி அதன் வாயில் கையை வையுங்கள். இலேசான துடிப்பு வழமையானது. புகையோடு பலமாக ஊதினால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கிராங்க்கேஸுக்குள் (எஞ்சினின் கீழ்ப்பெட்டிக்குள்) இறங்குகிறது. அந்த அழுத்தம் குறையும்வரை எத்தனை சீல் மாற்றினாலும் ஆகப் பலவீனமான இடத்தால் ஒயில் வெளியே வரும்.

சிலிண்டர் ஹெட் பக்கம் ஈரம் என்றதும் "ஹெட் கேஸ்கட் போயிட்டுது" என்று சொல்லும் மெக்கானிக் பாஸ்மார் உண்டு. எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்க முன் ஹெட்டில் உள்ள டாப்பட் மூடிகளின் ஓ-ரிங்கை (றபர் வளையத்தை) பாருங்கள். சூட்டில் அது இறுகி, நகத்தால் அழுத்தினால் குழியாத பிளாஸ்டிக் போலாகியிருக்கும். சில எஞ்சின்களில் ஒயில், ஹெட்டைப் பிடித்திருக்கும் ஒரு ஸ்டட்டின் (நீள போல்ட்டின்) துளை வழியாகத்தான் ஹெட்டுக்கு ஏறுகிறது. அந்த நட்டின் கீழுள்ள செப்பு வாஷர் நசிந்தாலும் இதே தோற்றம்தான். ஓ-ரிங்கை ஹாட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்பதிலிருந்து எடுக்காதீர்கள். அந்த றபர் வகைகளில் சில ஒயில் பட்டால் ஊதிப் பெருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நைற்றைல் றபர் என்று கேட்டு வாங்குங்கள்.

சீலுக்கும் அப்படித்தான்: மொடல் பெயரை மட்டும் சொல்லாமல் பழையதைக் கையில் கொண்டுபோங்கள். அதில் 17 29 5 என்று பொறித்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு, எல்லாம் மில்லிமீற்றரில். பூட்டும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஒயிலை நோக்கி, சீலின் உதட்டில் கொஞ்சம் ஒயில் தடவிப் பூட்டுங்கள். சாஃப்டில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் நிற்காது; இடமிருந்தால் ஒரு மில்லிமீற்றர் உள்ளேயோ வெளியேயோ தள்ளிப் பூட்டலாம். முன் ஸ்ப்ரொக்கெட் சீல் அடிக்கடி போனால் சாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பிழை பெயாரிங்கில். செயினை விறைப்பாக இறுக்கி வைத்திருப்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். 20 முதல் 30 மில்லிமீற்றர் தளர்வு வேண்டும்.

சிலிக்கோனை வெளியே அப்புவது வெறும் ஒட்டுவேலை, உள்ளிருந்து வரும் ஒயில் அதை உரித்துவிடும். கேஸ்கட்டோடு சேர்த்துக் கண்டபடி பூசுவது அதைவிட மோசம். உள்ளே பிதுங்கிய துண்டு உடைந்து ஒயில் வலையை அடைக்கும். சில எஞ்சின்களில் கிளட்ச் கவருக்குள்ளேயே ஒயில் பாதை போகிறது, அது அடைபட்டால் கிராங்க் காயும். கவரின் 6 மில்லிமீற்றர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவு போதும், குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

தடித்த ஒயில் ஊற்றி லீக்கை மறைப்பதும் கார் ஒயில் ஊற்றுவதும் வேண்டாம். பின்னையதில் கிளட்ச் வழுக்கலாம். போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA, ஒயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக்குறி) என்றிருக்கிறதா பாருங்கள்.

கவர் ஓரத்தில் வெறும் ஈரப்பசை, சொட்டு இல்லை என்றால் அவசரமில்லை. ஆனால் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பாருங்கள்: இந்த எஞ்சின்களில் மொத்தமே ஒரு லீற்றர் அளவுதான், 200 மில்லி போனால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பின் ரயரிலோ பிரேக் டிரம்மிலோ ஒயில் பட்டிருந்தால் அன்றைக்கு ஓட வேண்டாம், முதல் மழைத்துளியிலேயே சறுக்கும். ரயரைப் பெற்றோலால் துடைக்காமல் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். ஒயில் குடித்த பிரேக் ஷூவைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.