பெங்களூரில் நியாயமான ஒரு குழந்தைத் துணிக்கடை: புதிதாகத் தொடங்குவோருக்குப் படிப்படியாக

குழந்தைகளுக்கான துணிக்கடை வைக்க ஆசை, ஆனால் எங்கே யார் தைத்தது என்றே தெரியாத சரக்கை மூட்டையாக வாங்கி விற்க மனம் வரவில்லை. இப்படி நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடம் பெங்களூரு. அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் என நம்மவர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகளில் ஒரு சிறிய அறை கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியாயமான கடை என்றதும் எல்லோரும் ஆர்கானிக் பருத்தியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், தைத்தவர் கைக்குக் கூலி எவ்வளவு போகிறது, எந்தத் தேதியில் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

படி 1: எதை விற்கப் போவதில்லை என்று எழுதுங்கள்

பிறந்த குழந்தை முதல் பன்னிரண்டு வயது வரை எல்லாம் வைப்பேன் என்று இறங்கினால் பணம் முழுதும் சரக்கில் முடங்கிவிடும். ஆறு வயது வரை போதும். ஜபலா, முடிச்சுச் சட்டை, பனியன், ஜட்டி, காட்டன் ஃபிராக், அரைக்கால் சட்டை, பாவாடை சட்டை. இந்த ஊரின் காலைக் குளிருக்கு முழுக்கை உடுப்பு ஆண்டு முழுக்க விற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து வேண்டாதவை. உரிமம் இல்லாமல் கார்ட்டூன் படம் அச்சடித்த பனியன்கள் சந்தையில் ஏராளம், வேண்டாம். தீபாவளிக்கு வரும் நைலான் நெட் ஃபிராக்குகளையும் நான் உறுதியாக மறுப்பேன். பட்டாசுப் பொறி பட்டால் நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகி ஒட்டாது. பண்டிகை நாளில் நெட் ஃபிராக் கேட்டு வரும் தாயிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பலர் கேட்டுக்கொள்வார்கள்.

படி 2: தைப்பவர்களைத் தேடுங்கள்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் ரோடு பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2016 ஏப்ரலில் மத்திய அரசு பி.எஃப். பணம் எடுக்கும் விதியை மாற்றியபோது இந்தப் பெண்கள்தான் ஆயிரக்கணக்கில் பெங்களூரு சாலைகளில் இறங்கினார்கள். அரசு அந்த மாற்றத்தைக் கைவிட்டது. தொழில் தெரிந்தவர்கள், தங்கள் உழைப்பின் கணக்கும் தெரிந்தவர்கள். குழந்தை பிறந்த பிறகு தொழிற்சாலைக்குப் போக முடியாமல் வீட்டில் மிஷின் போட்டுத் தைப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ரேஷன் கடையிலும் பள்ளி வாசலிலும் விசாரித்துப் பாருங்கள்.

ஓர் உடுப்புக்கு இவ்வளவு என்று தரும் கூலியை, அதாவது பீஸ் ரேட்டை, பேரம் பேசி முடிவு செய்யாதீர்கள், கடிகாரம் வைத்து முடிவு செய்யுங்கள். ஒரே மாடலில் மூன்று பீஸ்களை அவசரமில்லாமல் தைக்கச் சொல்லி நேரம் பாருங்கள். ஒரு ஃபிராக்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, கூலி 150 ரூபாய் என்றால், எட்டு மணி நேர உழைப்புக்கு 800 ரூபாய் வரும். இதைக் கர்நாடகத் தொழிலாளர் துறை தையல் தொழிலுக்கு அறிவித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிடுங்கள். அகவிலைப்படி ஏப்ரல்தோறும் மாறும், எனவே கணக்கையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் தைப்பவருக்கு பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, மின்கட்டணமும் அவருடையது. அதனால் அரசு சொன்ன தொகைக்கு மேலே நிற்பதுதான் முறை. நூல், எலாஸ்டிக், பொத்தான், ஊசி எல்லாவற்றையும் நீங்கள் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் தேதி. சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற சிறு யூனிட்டுக்குப் பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆனால் துணி வியாபாரத்தில் கடன் ஓடுவது பழக்கம். அந்தக் கடன் கடைசியில் வந்து விழுவது தையல்காரர் தலையில். 45 நாள் என்பது பெரிய கம்பெனிகளுக்கான வரம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம் அளவுக்கு, சரக்கு வந்த அன்றே செக்கிங் முடித்து அன்றே ஜிபேயில் போட்டுவிட வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் ஆர்டரைக் குறைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று. வீட்டில் வேலை நடக்கும்போது பிள்ளைகள் பிசிறு நூல் வெட்டவும் பொத்தான் தைக்கவும் உட்கார்ந்துவிடுவார்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சொல்லும் சட்டமே, 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு தருகிறது. நம் கடைக்கு அந்த விலக்கு வேண்டாம். ஒரு குழந்தை உடுத்துவதற்கு இன்னொரு குழந்தை உட்கார்ந்து நூல் வெட்டக் கூடாது. இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கெடுவை நெருக்கமாக வைக்காதீர்கள். அவசரம் வந்தால்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள்.

படி 3: பின்னல் துணிக்குத் திருப்பூர்

பனியன், ஜட்டி, ஜபலா எல்லாம் பின்னல் துணி. அதற்குத் திருப்பூரை விட்டால் வேறு இடம் யோசிக்க வேண்டாம். சேலம், ஈரோடு வழியாக நேரடி ரயில் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு, குவிந்து கிடக்கும். விலையும் கையைக் கடிக்காது. என் கருத்து இது: மிஞ்சிய துணியாகக் கிடைத்தால் வாங்கலாம், வீணாகப் போவது பயன்படும். தைத்து முடித்த உடுப்பு என்றால், யார் தைத்தார்கள் என்று விற்பவருக்கே தெரியாதபோது விட்டுவிடுங்கள்.

சாயம் எங்கே போட்டது என்று கட்டாயம் கேளுங்கள். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பாழானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் கொங்கு நாட்டில் யாருக்கும் மறக்காது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் இயங்கலாம் என்ற நிபந்தனை அங்கே இருக்கிறது. எந்தப் பட்டறை, எந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தது என்று கேட்டால் ஒழுங்கானவர் தயங்காமல் சொல்வார். முடிந்தால் தைக்கும் பட்டறையையும் (பவர் டேபிள் யூனிட் என்பார்கள்) நேரில் பாருங்கள். ஜன்னல், கழிப்பறை, குடிநீர், அவசர வழி இந்த நான்கும் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நெசவுத் துணிக்குப் பெங்களூரின் சிக்பேட் போதும். முதலில் கொஞ்சமாக வாங்கிச் சோதித்துவிட்டுப் பெரிய அளவில் எடுங்கள்.

படி 4: வீட்டிலேயே துணியைச் சோதியுங்கள்

சுருக்கம்: துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, வீட்டில் துவைப்பதுபோலத் துவைத்து, காய்ந்ததும் அளந்து பாருங்கள். 47.5 செ.மீ. ஆகியிருந்தால் சுருக்கம் 5 சதவீதம். அதற்கு மேல் போனால் வெட்டும் முன்பே துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும்.

சாயம்: வெள்ளைப் பருத்தித் துணியை ஈரமாக்கிச் சாயத் துணியின் மேல் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சாயத் துணி வேண்டாம். குழந்தை சட்டைக் கையையும் காலரையும் வாயில் வைத்துச் சப்பும் என்பதை நினைவில் வையுங்கள். புற்றுநோய் அபாயமுள்ள சில அசோ சாயங்களை இந்தியா 1990களிலேயே தடை செய்துவிட்டது. உங்கள் பில்லில் அவை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

கலப்படம்: ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே எரியுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். உருண்டு கெட்டியான மணிபோல ஆனால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது.

கைக்குழந்தைகளுக்கு 140 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரையிலான பருத்திப் பின்னல் துணி வசதி. இன்டர்லாக் என்ற பின்னல் வகை இரண்டு பக்கமும் வழுவழுப்பாக இருக்கும். பிறந்த குழந்தைக்கு வீட்டுப் பெரியவர்களின் பழைய துணியைத் துவைத்து உடுத்தும் நம் வழக்கத்தின் பின்னால் இருப்பதும் அந்த மென்மைதான். விற்கும் முன் நீங்களே ஒருமுறை துவைத்துவிட்டால் கஞ்சியும் போய்விடும்.

படி 5: சான்றிதழில் ஏமாறாமல் இருக்க

காட்ஸ் (GOTS) என்பது ஆர்கானிக் இழைக்கும் அதைப் பதப்படுத்தும் முறைக்கும் தொழிலாளர் நலனுக்கும் சேர்த்துத் தரும் சான்று. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்பது முடிந்த துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்ற சோதனை. அதில் 36 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு மிகக் கடுமையான பிரிவு ஒன்று உண்டு. பின்னதை ஆர்கானிக் சான்று என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். 2020ல் 20,000 டன் இந்தியப் பருத்தி போலிச் சான்றிதழோடு ஆர்கானிக் என்று காட்டப்பட்டதை காட்ஸ் அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது. சான்றிதழ் எண்ணை வாங்கி, அவர்கள் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

காட்ஸ் துணியை வாங்கிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் தைத்தால் அந்த உடுப்பில் காட்ஸ் முத்திரை போட முடியாது, தைக்கும் இடத்துக்கும் சான்று வேண்டும். "துணி திருப்பூரில் பின்னியது, தைத்தது அல்சூரில்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வாங்குபவருக்கு அதுவே போதும்.

படி 6: பாதுகாப்பு

தொப்பியிலும் கழுத்திலும் இழுகயிறு வேண்டாம். ஏழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் உடுப்பில் ஐரோப்பியத் தரம் இதை அறவே ஏற்பதில்லை. சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்து இறுகும் ஆபத்து. நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு, பிள்ளைகள் ஸ்கூட்டரில் போகிறார்கள். நீளமாகத் தொங்கும் இடுப்பு நாடாவும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கும். மூன்று வயதுக்குக் கீழ் கண்ணாடி வேலை, மணி, சமிக்கி வேண்டாம். பொத்தானை இழுத்துப் பார்க்காமல் எந்த உடுப்பையும் அலமாரிக்கு ஏற்றாதீர்கள்.

படி 7: விலையைத் திறந்து வையுங்கள்

மூன்று வயதுக்கான காட்டன் ஃபிராக் ஒன்றுக்கு உதாரணக் கணக்கு: துணி 200, லைனிங், பொத்தான், நூல் 50, தையல் 150, வண்டிக்கூலி, லேபிள், பை 30. மொத்தம் 430. வாடகை, மின்சாரம், உதவியாள் சம்பளம் எல்லாம் மாதம் 60,000, விற்பது 300 பீஸ் என்றால் ஒன்றுக்கு 200. தள்ளுபடியில் போகும் சரக்குக்கு 60. உங்களுக்கு 110. ஆக 800 ரூபாய்.

இதே அளவு ஃபிராக் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும், வாடிக்கையாளர் அதைச் சொல்லத்தான் செய்வார். இந்தக் கணக்கை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். பேரம் பேசுபவர்கூடத் தையல் கூலி 150 என்ற வரியைக் குறைக்கச் சொல்ல மாட்டார். விலையைக் குறைக்க வேண்டுமானால் லைனிங்கை எளிதாக்குங்கள், மாடலை எளிதாக்குங்கள், அந்த வரியை மட்டும் தொடாதீர்கள். மடிப்பில் கூடுதலாக இரண்டு அங்குலத் துணி விட்டுத் தைத்தால் அடுத்த வருஷமும் போடலாம். 800 ரூபாய் அப்போது கனமாகத் தெரியாது.

படி 8: இடமும் காகிதங்களும்

வாடகைக்கு அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பது இந்த ஊரில் சகஜம், பேசிக் குறைக்கப் பாருங்கள். வணிக உரிமத்துக்கு உங்கள் பகுதி மாநகராட்சியை அணுக வேண்டும். 2025 செப்டம்பர் முதல் பெங்களூரில் ஐந்து மாநகராட்சிகள். உத்யம் பதிவு இலவசம், அதற்கு இடைத்தரகர் வேண்டாம். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல் பாதியில் இருக்க வேண்டும் என்பது 2024 முதல் கர்நாடகச் சட்டம். சட்டத்துக்காக மட்டுமல்ல, அக்கம்பக்கம் நமக்குப் பழகுவதற்கும் அழகான கன்னட எழுத்து வேண்டும்.

ஜிஎஸ்டி: ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாமல், கர்நாடகத்துக்குள்ளேயே விற்றால் பதிவு கட்டாயமில்லை. ஆனால் சென்னையில் இருக்கும் சித்தி மகளுக்கு ஒரு பார்சலை விலைக்கு அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை, பதிவு வேண்டும். தமிழ்நாட்டு உறவினர்கள் வழியாக ஆர்டர் வரும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே பதிந்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உடுப்புக்கு 5 சதவீதம். மேலே சொன்ன ஃபிராக் அப்போது 840 ஆகும்.

படி 9: விற்ற பிறகு

"விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற பலகை வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. நாம் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அறுந்த பொத்தானும் பிரிந்த தையலும் இலவசமாகச் சரிசெய்து தரப்படும் என்று எழுதிவையுங்கள்.

வயதைக் கேட்டு அளவு கொடுக்காதீர்கள், உயரத்தைக் கேளுங்கள். சுவரில் செ.மீ. அளவுகோல் ஒன்றை வரைந்துவிட்டால் பிள்ளைகளே ஓடிப்போய் நிற்பார்கள். புகைப்படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதென்றால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். பெயரும் பள்ளியும் வேண்டாம்.

சின்னதாகிப்போன உடுப்பைத் திரும்பக் கொண்டுவந்தால் அடுத்த பில்லில் 50 ரூபாய் கழியுங்கள். அதைத் துவைத்து, சரிசெய்து, தனி அலமாரியில் 150க்கு வையுங்கள். 800 கொடுக்க முடியாத குடும்பங்களும் அதே நல்ல தையலை வாங்கிக்கொண்டு போகும். வாரம் ஒருமுறை அந்த அலமாரியைப் பாருங்கள்: எந்த இடம் முதலில் தேய்கிறது, எந்தத் தையல் முதலில் பிரிகிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும். அடுத்த லாட் வெட்டும் முன் அந்த உடுப்பையே தைத்தவரிடம் கொண்டுபோய்க் காட்டி, எங்கே இரட்டைத் தையல் போடலாம் என்று அவரிடமே கேளுங்கள். கூடுதல் தையலுக்கு ஆகும் நேரத்தையும் கூலியில் சேர்த்துவிடுங்கள்.