முன்னால் தள்ளினால் ரோபோ பின்னால் போகிறதா?

கும்பகோணத்தில் எங்கள் பிள்ளைகள் எஃப்டிசி என்ற மாணவர் ரோபோ போட்டிக்கு ரோபோ ஓட்டிப் பழகுகிறார்கள். ஓட்டுவதற்கு லாஜிடெக் எஃப்310 கேம்பேட் (கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்) வைத்திருந்தால் முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் எக்ஸ் பக்கம் இருக்க வேண்டும். செருகிய பிறகு ஸ்டார்ட்டையும் ஏ-வையும் சேர்த்து அழுத்தினால் முதல் ஓட்டுநர். ஸ்டார்ட், பி என்றால் இரண்டாமவர்.

சரி, பலரும் தடுமாறும் இடம் இதுதான்: கேம்பேடின் குச்சியை முன்னால் தள்ளினால், முன்-பின் அசைவைக் காட்டும் ஒய் மதிப்பு -1 என்று வரும், +1 அல்ல. ரோபோவின் நிரலில் அந்த மதிப்புக்கு முன் ஒரு மைனஸ் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் போன வாரம் ஒரு மாணவி மோட்டார் ஒயர் அத்தனையையும் கழற்றி மாட்டினாள், பாவம். அப்புறம், கையை எடுத்தும் ரோபோ மெல்ல ஊர்ந்தால், இரு திசையிலும் 0.05க்குள் வரும் மதிப்பைப் பூஜ்யமாக்கி விடுங்கள்.