டீகாஃப் காபியின் முதல் கப்பை நம்பாதீர்கள்

டீகாஃப், அதாவது கஃபீன் நீக்கிய காபியை முதன்முதலில் வாங்கி வந்த அன்று, எப்போதும் போடும் அதே அளவு பொடி, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர், அதே பால், அதே சர்க்கரை என்று கலந்து ஒரு வாய் குடித்தேன். நனைந்த அட்டைப்பெட்டி வாசம். மீதியைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். தப்பில் பாதி என்னுடையது என்று அப்புறம்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். கஃபீனை எடுப்பது வறுத்த பிறகு அல்ல, பச்சைக் கொட்டையாக இருக்கும்போதே. கொட்டையை நீரிலோ நீராவியிலோ ஊறவைத்து உப்பச் செய்து, கஃபீனை இழுத்துவிட்டு, திரும்பக் காயவைத்து, பிறகுதான் வறுக்கிறார்கள். இத்தனை பாடுபட்ட கொட்டை உள்ளே தளர்ந்துபோயிருக்கும். வறுக்கும்போது சீக்கிரம் கறுக்கும், எண்ணெய் சீக்கிரம் மேலே வரும், மணமும் சீக்கிரம் ஓடிவிடும். அதனால் வாங்கும்போது வறுத்த தேதியைப் பாருங்கள், இருப்பதிலேயே சின்ன பாக்கெட்டாக எடுங்கள். கொட்டையாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

எந்த முறையில் கஃபீனை எடுத்தார்கள் என்பதும் பல பாக்கெட்டுகளில் இருக்கும்: வெறும் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான். (1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லுட்விக் ரோசலியஸ் இதைத் தொழிலாகத் தொடங்கியபோது பென்சீனைப் பயன்படுத்தினார். நல்லவேளை, அது எப்போதோ ஒழிந்தது.) இந்த முறைதான் உசத்தி என்று நான் சண்டைக்கு வரமாட்டேன், நல்ல கொட்டையும் புதிய வறுப்பும் அதைவிட முக்கியம்.

சரி, போடுவோம். முதல் கப்பில் பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். அவை குறையையும் மறைக்கும், நிறையையும் மறைக்கும். ஒரு கோப்பையில் 12 கிராம் பொடி, அதற்கு 200 மில்லி தண்ணீர். கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள், 90 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். பொடி மேலே வந்து ஆடை போல மூடி நிற்கும். வழக்கமான காபி அளவுக்கு நுரை பொங்கவில்லையே என்று பதறாதீர்கள். நான்கு நிமிடம் கழித்து ஸ்பூனின் பின்பக்கத்தால் அந்த ஆடையை மெதுவாகத் தள்ளி, மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள், மொத்த வாசனையும் அந்த ஒரு நொடியில்தான் எழும்பும். பொடி அடியில் தங்கியதும் வடிகட்டி, வெதுவெதுப்பாகும்வரை பொறுத்துக் குடியுங்கள். சூட்டில் நாக்குக்கு எதுவும் தெரியாது.

சப்பென்று, லேசான புளிப்போடு இருந்தால் அடுத்த முறை இன்னும் நைசாக அரையுங்கள். கசந்து தொண்டையைப் பிடித்தால் கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள், இல்லையென்றால் தண்ணீரை இன்னும் ஆறவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். எஸ்பிரெஸோ இயந்திரத்தில் போடுபவர்களுக்குத் தண்ணீர் மடமடவென்று இறங்கிவிடும், அங்கே நைசாக அரைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது நாளாவது ஒரு விளையாட்டு ஆடிப் பாருங்கள். வீட்டில் வேறொருவரை மூன்று கப் ஊற்றச் சொல்லுங்கள்: டீகாஃப், வழக்கமான காபி இரண்டில் ஏதாவது ஒன்று இரண்டு கப்பில், மற்றது ஒரு கப்பில். எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். காபியின் கசப்பில் கஃபீனின் பங்கு கொஞ்சம்தான், எனவே நன்றாகப் போட்ட டீகாஃப் நாக்கை எளிதாக ஏமாற்றும். நான் இரண்டு முறை தோற்றேன்.

தூக்கத்துக்காக மாறுகிறீர்கள் என்றால், மாலை நான்கு மணிக்கு வழக்கமான காபியைக் குடித்துவிட்டு இரவில் டீகாஃபைக் குறை சொல்லாதீர்கள். உடம்பில் கஃபீன் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். டீகாஃபிலும் கஃபீன் முழுக்கப் போய்விடுவதில்லை, கப்புக்குச் சில மில்லிகிராம் மிச்சம் இருக்கும். கஃபீனே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரேயடியாக மாறினால் மறுநாளே தலைவலி வரலாம். பழைய பொடியோடு பாதிக்குப் பாதி கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கலவையை அன்றன்றைக்கு மட்டும் செய்யுங்கள், மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள்.