கடற்கரையில் வீடு பார்க்கிறவர்களுக்கு ஒரு நர்சம்மா சொல்வது

ராமநாதபுரம் கரைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சுறாவைப் பற்றி. அடுத்தது முதலை. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் உள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சுறா கடித்து வந்த ஒருவரையும் பார்த்ததில்லை. உவர்நீர் முதலை ஒடிசா, சுந்தரவனம், அந்தமான் பக்கம் வாழ்வது. நம் கரையில் அதற்கு இடமில்லை. நான் பார்த்தவர்கள் நாய் கடித்தவர்கள், தேள் கொட்டியவர்கள், கொசுவால் காய்ச்சல் வந்தவர்கள், பாயில் படுத்திருந்தபோது கட்டுவிரியன் தீண்டியவர்கள். பெரும்பாலும் கடலில் நடந்ததல்ல, வாசலிலும் கொல்லையிலும் நடந்தது. "நர்சம்மா, கடலை ஒட்டி வீடு கிடைச்சிருக்கு, பிள்ளைகளோட போகலாமா?" என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எந்த உயிரினமானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். அன்றாடம் அது நம் வழியில் வருமா? கடித்தால் என்ன ஆகும்? அதற்கான சிகிச்சை உள்ள இடத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம்? என் அனுபவத்தில் மூன்றாவது கேள்விதான் உயிரைத் தீர்மானிக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. வாடகை, அட்வான்ஸ், கடல் தெரிகிற மொட்டை மாடி எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

அதனால் வீட்டை முடிவு செய்வதற்கு முன்பு ஒரு தடவை இருட்டிய பிறகு அந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போய்ப் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து இருக்கிறதா, இரவில் டாக்டர் இருக்கிறாரா என்று நேரில் கேளுங்கள். செயற்கை சுவாசக் கருவி எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். கட்டுவிரியன் கடிக்கு மருந்தோடு அதுவும் தேவைப்படலாம். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதற்கு மேல் என்றால் மதுரைதான். ராமேசுவரம் தீவில் குடியேறுகிறவர்கள் மாவட்டத் தலைநகருக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர், அதுவும் பாம்பன் பாலத்தைத் தாண்டி வர வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் ஒதுங்கிய தோப்பு வீடுகள் மிக அழகானவை. ஆனால் கைக்குழந்தை உள்ள குடும்பம், தகுந்த சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்தில் தங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி பாம்பு. இதில் நிதானமாக நிற்க வேண்டும். நம் மண் மணலும் முள்ளும். சீமைக் கருவேலம் இல்லாத பொட்டல் கிடையாது, பனை மட்டையும் ஓலையும் குவியாத கொல்லை கிடையாது. சுருட்டை விரியனுக்கு அந்த இடம் பிடிக்கும். நீளத்தில் ஒன்றிரண்டு அடிதான் இருக்கும், மணல் நிறத்தோடு கலந்து கிடக்கும். உடம்பை வளைத்துச் செதில்களை உரசினால் 'சர்ர்' என்று சத்தம் வரும். கடித்தால் ரத்தம் உறையாமல் போகும். ஈறிலும் சிறுநீரிலும்கூட ரத்தம் வரலாம். இரவில் வாசல் தாண்டும்போது காலில் செருப்பு, கையில் டார்ச் என்ற பழக்கத்தை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விறகு, ஓலை எடுக்கும்போது முதலில் கம்பால் புரட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கட்டுவிரியன் வேறு மாதிரி. ராத்திரியில் எலியையும் ஓணானையும் மற்ற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் புரண்டால் கடிக்கும். வலி அவ்வளவாகத் தெரியாது, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குப் படாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். அப்புறம் இமை தூக்க முடியாது, எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும். தரையில் தூங்கியவர் காரணம் தெரியாத வயிற்றுவலியோடு எழுந்து இமை சொருகினால், ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள், அந்த நிமிடமே கிளம்புங்கள். கட்டிலும், மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலையும்தான் இதற்குத் தடுப்பு. இந்தக் கரைக்கு வரும் ஒரு குடும்பம் ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால், கொசுவலையைத்தான் வாங்கச் சொல்வேன். பாம்பையும் கொசுவையும் சேர்த்துத் தடுக்கிற பொருள் வேறு இல்லை.

பாம்பு கடித்துவிட்டால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் அவை இறுக்கும். கடிபட்ட கையையோ காலையோ ஒரு மட்டையை வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். ஊரில் பார்வை பார்க்கிற பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போன அரை மணி நேரம் திரும்பி வராது. மந்திரிப்பதெல்லாம் டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு நடக்கட்டும்.

வீடு பார்க்கப் போகும்போது குனிந்து பாருங்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழையும் சந்து இருந்தால் ரப்பர் பட்டை அடிக்கச் சொல்லுங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு வலை வேண்டும். கொல்லையில் கல், ஓடு, மட்டைக் குவியல் இருந்தால் குடிபுகும் முன்பே வீட்டுக்காரர் அகற்றித்தர வேண்டும் என்று பேசி முடியுங்கள். கருவேலம் சுவரோடு ஒட்டி நின்றால் வெட்டச் சொல்லுங்கள். கோழிக்கூண்டும் தானிய மூட்டையும் உள்ள வீட்டுக்கு எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும். சாரைப்பாம்பு தென்பட்டால் விட்டுவிடுங்கள், அது எலியைத் தின்று உங்களுக்கு உதவுகிறது. விஷப்பாம்பு உள்ளே வந்தால் அறைக்கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள், வந்து பிடித்துப் போவார்கள்.

செந்தேள் பெரியவர்களுக்குக் கொடிய வலி, குழந்தைகளுக்கு உயிராபத்து. கொட்டுபட்ட குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டால் விஷம் இதயத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். நேரே ஆஸ்பத்திரி. காலணியையும் பள்ளிக்கூட ஷூவையும் உதறிப் போடுவது, துணி மூட்டையைத் தரையில் வைக்காமல் இருப்பது, இவை போதும். பனைமரத்துக் கூட்டில் கதண்டு என்கிற பெரிய குளவி இருந்தால் நீங்களே தீப்பந்தம் கட்டி இறங்காதீர்கள். அதற்கும் தீயணைப்புக்காரர்கள்தான்.

எண்ணிக்கை என்று பார்த்தால் எங்கள் நிலையத்துக்கு அதிகம் வந்தது நாய்க்கடி. கருவாடு காயும் இடத்திலும் மீன் இறங்கும் துறையிலும் நாய்கள் கூட்டமாக இருக்கும், விடியலில் நடைப்பயிற்சி போகிறவர்கள் அந்தப் பாதையைத் தவிர்ப்பது நல்லது. கடித்தால், பிராண்டினால்கூட, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஊசி அன்றைக்கே, பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள். ரத்தம் வந்த காயத்துக்கு உள்ளேயே போடும் தனி மருந்தும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க வழியில்லை. அதனால் 'தெரிஞ்ச நாய்தானே' என்ற பேச்சே வேண்டாம்.

கொசுவைப் பற்றி ஒரு உள்ளூர் விவரம். இங்கே குடிநீர் அருமை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தாலும் தினமும் வராது, அதனால் எல்லா வீட்டிலும் டிரம்மும் தொட்டியும் நிறைத்து வைப்போம். அந்தச் சுத்தமான தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், எனவே வாரம் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்து உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவி மூட வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. தீவுப் பக்கம் மலேரியாவும் நெடுங்காலமாக இருந்து வந்த நோய். மணலில் தோண்டிய ஊற்றுக் குழிகளும் மூடாத கிணறுகளும் அந்தக் கொசுவுக்கு இடம் கொடுக்கின்றன. குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுப் படுக்காமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

கடைசியாகக் கடல். எங்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு. தென்கடல் என்பது மன்னார் வளைகுடா. பாக் விரிகுடாப் பக்கத்து வடகடல் ஆழமில்லாதது, கடல்தாழை என்கிற கடல்புல் படர்ந்தது, பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் விளையாடுவார்கள். அங்கே மணலுக்குள் திருக்கை புதைந்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்தினால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வையுங்கள், வலி இறங்கும். சூட்டை முதலில் குத்துப்படாத கையால் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு டி.டி. ஊசி. மார்பிலோ வயிற்றிலோ குத்தி நின்ற முள்ளைப் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோங்கள். சொறி என்று நாங்கள் சொல்லும் ஜெல்லிமீன் பட்டால் மணலால் தேய்க்கவோ நல்ல தண்ணீரால் கழுவவோ கூடாது. கடல்நீரால் அலசி, ஒட்டிய இழைகளைத் துணி சுற்றிய கையால் எடுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்க வேண்டாம். குளிக்க இறங்கும் முன்பு கரையில் இருக்கும் மீனவரிடம் "அண்ணே, இன்னைக்குச் சொறி கிடக்குதா?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கரைவலை இழுப்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும். வலையில் கை வைக்காதீர்கள், கடல்பாம்பு சிக்கியிருக்கலாம். நம் நாட்டுப் பாம்புக்கடி மருந்து அதற்கு வேலை செய்யாது. பேத்தை மீனை யார் சமைத்துத் தந்தாலும் சாப்பிட வேண்டாம், கொதித்தாலும் அதன் விஷம் போகாது. உயிருள்ள கூம்புச் சங்கைப் பிள்ளைகள் பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குள் கொடுக்கு இருக்கிறது. தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் இரண்டு கடலும் மோதும் இடத்தில் இறங்கவே இறங்காதீர்கள். அங்கே ஆளை இழுப்பது நீரோட்டம்.

நம்மால் அவற்றுக்கு வரும் ஆபத்தும் கணக்கில் சேர வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறை, கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை, ஆவுளியா என்கிற கடல்பசு எல்லாம் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அலங்காரத்துக்கு என்று பவளத் துண்டை வீட்டில் வைத்தாலும் சிறை வரைக்கும் போகலாம். தை முதல் பங்குனி வரை ஆமை கரையேறி முட்டையிடும் நாள்கள். கடலைப் பார்த்த விளக்கை அப்போது இரவில் அணைத்து வையுங்கள், வெளிச்சம் குஞ்சுகளைத் திசைமாற்றி ரோட்டுக்கு இழுக்கும்.

குடிவரும் மாதத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழைத்தண்ணீர் பொந்தை நிரப்பிப் பாம்பை மேட்டுக்குத் துரத்தும் காலம் அது, கொசுவும் பெருகியிருக்கும். மாசி, பங்குனியில் வந்தால் கொல்லையைச் சுத்தம் செய்யவும், சந்துகளை அடைக்கவும், ஊரைப் பழகவும் மழைக்கு முன் அவகாசம் கிடைக்கும். வந்த முதல் வாரத்திலேயே துணை சுகாதார நிலையத்துக்குப் போய், வீட்டில் எத்தனை பேர், குழந்தை இருக்கிறதா, கர்ப்பிணி இருக்கிறாரா, யாருக்கு என்ன ஒவ்வாமை என்று அங்கிருக்கும் நர்சிடம் பதிவு செய்யுங்கள். அவருடைய போன் நம்பரையும், ராத்திரி வண்டி எடுக்கக்கூடிய ஒரு ஆட்டோக்காரர் நம்பரையும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.