கேன்யன் லேக் பாலைவன நடை: தண்ணீர்க் கணக்கும் ஒரு சீப்பும்

அரிசோனாவில் ஃபீனிக்ஸுக்குக் கிழக்கே, சால்ட் ஆற்றின் குறுக்கே 1925-ல் கட்டி முடித்த அணையால் உருவானது கேன்யன் லேக். அதன் படகுத்துறைக்கு எதிரே போல்டர் கேன்யன் பாதை தொடங்குகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை நடப்பது நல்லது. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

ஏரி அருகில்தானே என்று ஒரு பாட்டிலோடு கிளம்புவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பாதை ஏரியை விட்டு மேடேறி, வீவர்ஸ் நீடில் பாறையைக் காட்டிவிட்டு, லா பார்ஜ் ஓடைக்கு இறங்கும். திரும்பும்போது களைத்த கால்களோடு, ஏறிய வெயிலில், அதே மேட்டை மறுபடி ஏற வேண்டும். ஓடையும் பல மாதம் வறண்டே கிடக்கும். வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் கணக்கு. ஆளுக்கு 4 லிட்டர் எடுங்கள். பாதி தீரும்வரை காத்திராமல் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றும், குமட்டும். உப்புக்கடலையோ ஓ.ஆர்.எஸ். பொட்டலமோ கையில் இருக்கட்டும்.

சோய்யா (cholla) என்ற கள்ளியின் முள்ளுருண்டை லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். விரலால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். அகலப்பல் சீப்பை உருண்டைக்கு அடியில் கொடுத்து, வெடுக்கென வெளிப்பக்கம் தட்டுங்கள். மிஞ்சிய முள்ளுக்கு இடுக்கி. ஷார்ட்ஸ் வேண்டாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை, தூரத்து மலையில் இடி கேட்டாலே ஓடைப்படுகையை விட்டு மேடேறுங்கள். தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும் வெள்ளம் வரும்.