மெய்ன் கடற்கரையில் விளக்கிலிருந்து விளக்குக்கு: முதல் பாய்மரப் பயணம்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பெனோப்ஸ்காட் விரிகுடாவில் கோடையில் பாய்மரப் பயணம் போகிறவர்கள் கலங்கரை விளக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவற்றைப் படிக்கவும் தெரிந்துகொண்டு போனால் சுவையே வேறு. தொடங்குவதற்கு ஒரு கைக்கடிகாரம் போதும்.

படி 1: கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

படகோட்டத் தெரியாதவர்கள் தனியாக வாடகைப் படகு எடுக்க வேண்டாம். இந்த விரிகுடாவில் பழைய பாய்மரக் கப்பல்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு சில நாள் சுற்றிவருகின்றன. 1871-இல் கடலில் இறங்கிய ஸ்டீபன் டேபர், லூயிஸ் ஆர். ஃபிரெஞ்ச் இரண்டும் அவற்றில் உண்டு. இவற்றுக்குள் எஞ்சினே கிடையாது. காற்று நின்றால் ஒரு சிறு விசைப்படகு பின்னாலிருந்து தள்ளும். பாய்க் கயிற்றை இழுக்க நீங்களும் கை கொடுக்கலாம். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. ஆகஸ்டிலும் கடற்காற்று குளிரும். கம்பளிச் சட்டை அவசியம்.

படி 2: கரையில் ஒத்திகை

முந்தைய நாள் மாலை ராக்லண்ட் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்மேல் நடந்து போங்கள். ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர், முழுக்கக் கருங்கல். முனையில் 1902-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. இருட்டியதும் எண்ணுங்கள்: 5 விநாடிக்கு ஒரு வெள்ளை ஒளிவீச்சு. பிறகு துறைமுக வாயின் தென்புறம் பாருங்கள். அங்கே ஆவுல்ஸ் ஹெட் விளக்கு சிமிட்டாமல் ஒரே சீராக எரியும். மறுநாள் கேம்டன் துறைமுக வாயிலில் காணப்போகும் கர்ட்டிஸ் தீவு விளக்கு பச்சை. 4 விநாடிக்கு ஒருமுறை கண்மூடித் திறக்கும். நிறத்தையும் தாளத்தையும் கடல் வரைபடத்தில் உள்ள குறியோடு ஒப்பிட்டால் எந்த விளக்கு என்று உறுதியாகிவிடும். ஒரு சுற்றோடு நிறுத்தாமல் மூன்று சுற்று எண்ணுங்கள். அலை மறைத்தால் தாளம் தவறாகத் தெரியும். கற்களுக்கிடையே சந்துகள் உண்டு, திரும்பி வர டார்ச் வேண்டும்.

படி 3: எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும்?

பூமி வளைந்திருப்பதால் உயரமே இதைத் தீர்மானிக்கிறது. விளக்கு கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ அதன் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்குங்கள். உங்கள் கண்ணின் உயரத்துக்கும் அப்படியே செய்து இரண்டையும் கூட்டினால் கடல் மைலில் (ஒன்று சுமார் 1.85 கிலோமீட்டர்) விடை வரும். ஆவுல்ஸ் ஹெட் கோபுரம் குட்டையானது. ஆனால் பாறை மேட்டில் நிற்பதால் அதன் ஒளி சுமார் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கப்பல் தளத்தில் நிற்கும் உங்கள் கண் 3 மீட்டர் உயரம் என்றால் 11.4 + 3.6 = 15 கடல் மைல். அலைதடுப்புச் சுவர் விளக்கு சுமார் 12 மீட்டர்தான். அது 11 கடல் மைலுக்குள் வந்தால்தான் தெரியும். இந்தக் கணக்கு தெளிந்த இரவுக்கு மட்டும்.

படி 4: சிவப்பைக் கவனியுங்கள்

ஃபாக்ஸ் தீவுகளுக்கிடையிலான கால்வாயின் மேற்கு வாயிலில் பிரவுன்ஸ் ஹெட் விளக்கு இருக்கிறது. ஒரே விளக்குதான், சில திசைகளிலிருந்து வெள்ளையாகவும் சில திசைகளிலிருந்து சிவப்பாகவும் தெரியும். சிவப்பு தெரிந்தால் ஆபத்தான பகுதியை நோக்கி ஒதுங்கிவிட்டீர்கள் என்று பொருள். எனக்கு இந்த விரிகுடாவிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஒரு சொல்கூட இல்லாமல் எச்சரிக்கிறது.

படி 5: மூடுபனியும் மிதவைகளும்

ஜூலையில் மூடுபனி சட்டென்று இறங்கும். அப்போது விளக்கை நம்பிப் பயனில்லை, ஒலியைத்தான் நம்ப வேண்டும். இங்குள்ள பல கலங்கரை விளக்கங்களில், கப்பல் ரேடியோவின் 83ஏ அலைவரிசையில் மைக் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் ஊதுகுழல் ஒலிக்கத் தொடங்கும். கேப்டன் அதைச் செய்யும்போது அருகில் நின்று பாருங்கள். சிங்கி இறால் பிடிக்கக் கடலடியில் வைத்த கூடுகளின் வண்ண மிதவைகள் எங்கும் மிதக்கும். முன்னணியத்தில் (கப்பலின் முன்முனையில்) நின்று அவற்றைக் காட்டிக்கொடுப்பது உங்களால் முடிந்த உதவி.

படி 6: நங்கூரம்

ஓதத்தால் (கடல்நீர் ஏற்ற இறக்கத்தால்) நீர்மட்டம் இங்கே சுமார் 3 மீட்டர் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் ஆழம் 4 மீட்டர் என்றால் ஏறும்போது 7. முன்னணியத்தின் உயரம் 1 மீட்டரையும் சேர்த்து 8; அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 40 மீட்டர் கயிறு விட வேண்டும். நங்கூரம் பிடித்ததும், பக்கவாட்டில் தெரியும் ஒரு விளக்கின் திசையைத் திசைகாட்டியில் பார்த்துக் குறித்து வையுங்கள். நள்ளிரவில் எழுந்து மீண்டும் பாருங்கள். திசை அதிகம் மாறியிருந்தால் கேப்டனை எழுப்புங்கள்.