வளைகுடா, சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டு வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் பலருக்கும் கோளாறு ஊரிலேயே, ஏஜென்டிடம் பணம் கட்டிய வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. துபாயிலோ ரியாத்திலோ இறங்கிய பிறகுதான் அது கண்ணுக்குத் தெரிகிறது.

"இப்போதைக்கு விசிட்டில் போங்க, அங்கே போனதும் கம்பெனி மாத்திக் கொடுத்திடும்" என்று சப்-ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம். விசிட் விசாவில் வேலை பார்ப்பது சட்டவிரோதம். சம்பளம் வராவிட்டால் புகாருக்குக் காட்ட ஒப்பந்தமே இருக்காது. அமீரகத்தில் விசா காலம் தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. அவர்களுடைய பாஸ்போர்ட் பொதுவாக இசிஆர் வகை, அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகை. அதை வைத்து வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். முறைப்படி அனுமதி வாங்கிப் போனால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு உண்டு. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்கான பிரீமியம் வெறும் 275 ரூபாய். விசிட்டில் போனவரின் குடும்பத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அதைவிட ஆபத்தானது 'ஃப்ரீ விசா'. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். விசா யாரோ ஒரு கஃபீலின், அதாவது அந்நாட்டு ஸ்பான்சரின், பெயரில் இருக்கும், அவரிடம் வேலை இருக்காது. வெளியே எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம், அவருக்கு ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால் போதும் என்பது வெறும் வாய்ப்பேச்சு. சவூதிச் சட்டத்திலோ குவைத் சட்டத்திலோ அப்படி ஒரு விசா கிடையாது. சோதனையில் பிடிபட்டால் சிறை, பிறகு நாடு கடத்தல். கஃபீல் மனம் மாறினால் 'ஹுரூப்' போட்டுவிடுவார், அதாவது ஆள் ஓடிவிட்டார் என்று பதிவு செய்துவிடுவார். அதன் பிறகு இக்காமாவை, அதாவது சவூதியில் தங்குவதற்கான அனுமதி அட்டையைப் புதுப்பிக்க முடியாது, ஊர் திரும்புவதும் பெரும்பாடு.

குவைத்தில் 20-ஆம் எண் விசா வீட்டு வேலைக்கு, 18-ஆம் எண் தனியார் கம்பெனிக்கு. 20-இல் போய்க் கடையில் நின்றால் அதுவும் விதிமீறல்தான். சூப்பர்மார்க்கெட் வேலை என்று நம்பிப் போய்ப் பாலைவனத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். விசா நகலில் உங்கள் தொழிலும் ஸ்பான்சர் பெயரும் அரபியில் இருக்கும். பணம் கட்டும் முன் அதை ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமோ, வளைகுடாவில் இருந்து திரும்பி வந்து அரபி படிக்கத் தெரிந்தவரிடமோ காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ரசீது தர மறுப்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சப்-ஏஜென்ட் என்று ஒருவரைச் சட்டமே ஏற்பதில்லை; அவர் மறைந்துவிட்டால் யார் மீது புகார் கொடுப்பீர்கள்?

சிங்கப்பூர் வொர்க் பெர்மிட் என்றால் ஐபிஏ எனப்படும் முன் ஒப்புதல் கடிதம் கைக்கு வராமல் விமானம் ஏறவே கூடாது. முதலாளியின் பெயர், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் அதில் வரி வரியாக இருக்கும். ஏஜென்ட் சொன்ன சம்பளம் ஓவர்டைமையும் சேர்த்த தொகை என்பது பலருக்கு அதைப் படிக்கும்போதுதான் புரிகிறது. கடிதம் உண்மையா என்பதை அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்தில் சோதித்துக்கொள்ளலாம். அங்குள்ள ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது.

ஊரில் ஒரு ஒப்பந்தம், இறங்கியதும் குறைந்த சம்பளத்தில் வேறொரு ஒப்பந்தம் என்பது பழைய மோசடி. அமீரக வேலை என்றால் அரசு படிவத்தில் வரும் ஆஃபர் லெட்டரைத் தமிழ் மொழிபெயர்ப்போடு கேளுங்கள், அந்த வசதி இருக்கிறது. புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கே சட்டத்துக்குப் புறம்பானது.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ரசீது எல்லாவற்றின் நகலும் வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லா எண் 1800 11 3090-க்கு அழையுங்கள், கிளம்புவதற்கு முன்பே.